பத்து சென்டிமீட்டர் கால்

மஞ்சள் வேக வைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்துத் தந்த ஆவிக் கொப்பரை ஒன்று உண்டு. 18 கேஜ் இரும்புத் தகட்டில் வெளித்தொட்டி, 122 × 122 × 55 செ.மீ. உள்ளே 48 × 48 × 45 செ.மீ. அளவில் துளையிட்ட நான்கு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் 10 செ.மீ. உயரக் கால். தொட்டியில் 6 முதல் 8 செ.மீ. வரை தண்ணீர். பெட்டிக்கு 55 முதல் 70 கிலோ கழுவிய மஞ்சள். தொட்டியின் பாதிக்கு மேல் குழிக்குள் இறக்கி, மஞ்சள் சருகையே அடுப்பெரிக்கலாம். முதல் ஈடு வேக 25 நிமிடம், அடுத்த ஈடுகளுக்கு 10 முதல் 15 நிமிடம். ஈட்டுக்கு ஈடு சுமார் 20 லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் கொப்பரை. பவானியிலோ கோபியிலோ எந்த வெல்டிங் பட்டறையும் இரண்டு மூன்று நாளில் செய்துவிடும்.

செய்துவிடும் என்பதுதான் சிக்கலே. 122 செ.மீ. என்பது கடையில் கிடைக்கும் 4 அடி அகலத் தகடு. 8 அடி நீளத்தில் 55 செ.மீ. வீதம் வெட்டினால் நான்கு துண்டு. தொட்டியின் நான்கு சுவரும் ஒரே தகட்டில் முடிந்துவிடும். அடிப்பாகமும் மூடியும் இன்னொரு தகட்டில். யோசித்துப் போட்ட கணக்கு அது. ஆனால் பத்துக் கொப்பரைக்கு ஆர்டர் கிடைத்த பட்டறைக்காரர் கண்ணுக்கு வேறொன்று படும். சுவரை 55-லிருந்து 48 ஆகக் குறைத்தால் ஒரு தகட்டில் ஐந்து துண்டு வரும்! பெட்டி உயரம் 45, அதைக் குறைத்தால் மஞ்சள் குறையும், விவசாயி ஒத்துக்கொள்ள மாட்டார். குறைக்க இருப்பது கால் மட்டும்தான். 10 செ.மீ. கால் 3 செ.மீ. ஆகிறது.

"ஏனுங் சார், கால் எதுக்குங்க இத்தன ஒயரம்? மூணு வெச்சா ஆகாதுங்களா?" என்று ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். யாரும் போடுவதில்லை. படத்தில் 10 என்று இருக்கிறது, ஏன் 10 என்று இல்லை. தண்ணீர் 8 செ.மீ. வரை நிற்கும், பெட்டியின் அடி அதற்கு மேலே நிற்க வேண்டும், மஞ்சள் ஆவியில் வேக வேண்டும், தண்ணீரில் வேகக் கூடாது. 3 செ.மீ. காலில் அடியில் இருக்கும் கிழங்கு தண்ணீரில் கொதிக்கும், மேலே இருப்பது ஆவியில் வேகும். அடிக்கிழங்கு மிஞ்சி வெந்து நிறம் கெடும். அதைப் பார்த்துச் சீக்கிரம் இறக்கினால் மேலே இருப்பது வேகாமல் நின்று, பாலிஷ் டிரம்மில் விரலி ஒடியும். சந்தையில் மாதிரியைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்க்கும் வியாபாரிக்கு அரை நிமிடம் போதும். பழி பல்கலைக்கழகத்தின் மேல் விழும்.

கால் சரியாக இருந்தாலும் தண்ணீரில் தவறலாம். தொட்டியின் பரப்பு ஒன்றரை சதுர மீட்டர். 20 லிட்டர் என்றால் நீர்மட்டத்தில் 1.3 செ.மீ. 7 செ.மீ.யில் தொடங்கி, தண்ணீர் சேர்க்காமல் ஐந்து ஈடு இறக்கினால் தொட்டி காய்ந்து அடித்தகடு சிவக்கும். மறுபக்கம், 8 செ.மீ.க்கு மேல் இரண்டு வாளி கூடுதலாக ஊற்றினால் மட்டம் பெட்டியைத் தொட்டுவிடும். ஆக, ஆள் மறந்தாலும் கெடும், ஆர்வத்தில் கூட ஊற்றினாலும் கெடும். தொட்டியின் உட்சுவரில் 6 செ.மீ.யில் ஒரு வெல்டிங் புள்ளி, 8 செ.மீ.யில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதும். இது படத்தில் இல்லாத, பத்து ரூபாய் செலவில்லாத வேலை.

தொழில்நுட்பப் பரிமாற்றம் என்று பெரிய வார்த்தையில் சொல்லப்படுவதன் சாரம் இந்தக் காலில் இருக்கிறது. அளவுகள் காகிதத்தில் வரும்; காரணங்கள் செய்தவர் மண்டையிலேயே தங்கிவிடும். காசு கொடுத்து வாங்க வேண்டியது காரணங்களைத்தான்.

விதை இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தது. கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912-ல் தொடங்கியது. அங்கிருந்து 1918-ல் வெளிவந்த கோ 205 வட இந்தியா வரை போனது. இன்று தமிழ்நாட்டில் கரும்பு போடும் யாருக்கும் கோ 86032 தெரியும். ஒரு கரணையை நட்டால் அதற்குள்ளேயே எல்லாம் இருக்கிறது, விளக்கப் படம் வேண்டியதில்லை. எந்திரத்துக்கும் செய்முறைக்கும் அந்தப் பாக்கியம் கிடையாது.

பிரித்துப் பார்த்து அதே போலச் செய்வதில் கோவைப் பட்டறைக்கு இணை கிடையாது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்த ஊர். 1962-ல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கூட்டோடு லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வந்து நூற்பு எந்திரங்கள் இங்கேயே உருவாயின. ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் எந்தப் பாகத்தைக் கொடுத்தாலும் வெர்னியர் வைத்து அளந்து மறுநாள் ஒன்று செய்து தருவார்கள். ஆனால் எல்லாரும் ஒரே பம்பைப் பார்த்துச் செய்தால் மிஞ்சுவது விலைப் போட்டி மட்டும்தான். குஜராத்தில் பம்பு செய்யும் ராஜ்கோட்காரர் 200 ரூபாய் குறைத்தால் நாம் 250 குறைக்க வேண்டும். குறைக்க இடம்? வைண்டிங் கம்பியின் கனம், ஸ்டாம்பிங்கின் (மோட்டாருக்குள் அடுக்கும் எஃகுத் தகடுகளின்) நீளம், வார்ப்படத்தின் எடை. ஒரு கட்டத்தில் பம்பே மெலிந்துவிடும். அந்தச் சுழலிலிருந்து வெளியே வர, அடுத்தவரிடம் இல்லாத ஒன்று வேண்டும். அதைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கப் பத்து வருடம் ஆகும் என்றால், ஏற்கெனவே கண்டுபிடித்தவரிடம் வாங்குவது குறுக்குவழி. குறுக்குவழியில் எங்கெங்கே குழி இருக்கிறது என்பதுதான் இனி.

காசு கொடுக்கும் முன்

ஆய்வகம் "தயார்" என்று சொல்வதற்கும் பட்டறை "தயார்" என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அவர்களுக்கு ஐந்து செய்து ஐந்தும் வேலை செய்தால் தயார். நமக்கு ஐந்நூறு செய்து நான்கு மட்டும் திரும்பி வந்தால்தான் தயார். எனவே முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியவை: மொத்தம் எத்தனை செய்தீர்கள், எத்தனை வீணாயின, தொடர்ந்து அதிகபட்சம் எத்தனை மணி நேரம் ஓடியது, எது முதலில் உடைந்தது, யார் கையால் செய்தது. கடைசிக் கேள்வி முக்கியம். "எங்க டெக்னீஷியன் ஒருத்தர் இருக்காருங்க, அவர்தான் பண்ணுவாரு" என்ற பதில் வந்தால், அந்த டெக்னீஷியனைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத அவரிடம்தான் பாதிச் சரக்கு இருக்கும்.

இதே தொழில்நுட்பத்துக்கான உரிமத்தை ஏற்கெனவே எடுத்தவர் யார் என்றும் கேட்கலாம். அரசு நிறுவனங்கள் பெரும்பாலும் பலருக்கும் ஒரே உரிமத்தைத் தருகின்றன, தனியுரிமை அபூர்வம். முன்னால் எடுத்தவரிடம் ஒரு டீ குடித்துப் பேசினால் ஆறு மாத அனுபவம் கிடைக்கும். அவர் தயாரிப்பை நிறுத்திவிட்டார் என்றால் ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் நகரக் கூடாது. இன்னொன்றும் இதிலிருந்து புரியும்: தனியுரிமை இல்லாத உரிமத்தில் முதலில் எடுத்தவருக்குக் கிடைப்பது காலம் மட்டும்தான். அடுத்த தெருக்காரர் எடுப்பதற்குள் சந்தையில் இறங்கிவிட வேண்டும்.

தண்ணீரும் கரண்டும் ஆய்வக அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. கோவை நகருக்குள் இருக்கும் ஆய்வகத்தில் சிறுவாணித் தண்ணீரில் ஓடிய செய்முறை, பல்லடத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அப்படியே ஓடாது. ஆவிக் குழாயில் சுண்ணாம்புப் படிவு ஏறும், சாயத்தில் திட்டு விழும், பசை கட்டும். ஆய்வகத்தில் ரசாயனம் பாட்டிலில் வந்திருக்கும், நமக்கு 50 கிலோ மூட்டையில் வரும். தூய்மையில் நான்கைந்து சதவீதம் வித்தியாசப்பட்டாலே முடிவு மாறும். சோதனையை நம் ஷெட்டில், நம் தண்ணீரில், நம் மூட்டையில், நம் ஆள் கையால் ஒரு முறை செய்து காட்டச் சொல்ல வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்குவது எத்தனை மலிவானாலும் வேண்டாம்.

காப்புரிமை எண்ணைக் கேட்டு வாங்கி, இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் போட்டுப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. விண்ணப்பம் மட்டும்தானா, வழங்கப்பட்டுவிட்டதா? ஆண்டுக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா? விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு முடிந்துவிட்டதா? உரிமையாளர் இருவர் என்றால், ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு உரிமம் தர முடியாது, மற்றவர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். வெளிநாட்டில் மட்டும் பதிவாகி இந்தியாவில் பதிவாகாத காப்புரிமை இங்கே செய்து இங்கே விற்பதைத் தடுக்காது. ஆனால் அதே பொருளை அந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்தால் மாட்டிக்கொள்வோம். திருப்பூருக்கும் கரூருக்கும் இந்த ஒரு வரி மிக முக்கியம், அங்கே சரக்கு போவதே வெளியேதான்.

ஒப்பந்தத்தில்

ராயல்டி எத்தனை சதவீதம் என்று பேரம் பேசுபவர்கள் எதன் மேல் சதவீதம் என்று பார்ப்பதில்லை. கணக்குக்கு, பம்ப் செட்டின் விலை 9,000 ரூபாய், உரிமம் வாங்கியது மோட்டாருக்குள் சுழலும் பாகமான ரோட்டருக்கு மட்டும், ரோட்டரின் விலை 1,400. 3 சதவீதம் முழுப் பம்பின் மேல் என்றால் ஒன்றுக்கு 270 ரூபாய். ரோட்டரின் மேல் என்றால் 42. சதவீதத்தை 3-லிருந்து 2 ஆக்க நாள் கணக்கில் பேசுவதைவிட, "உரிமம் பெற்ற பாகத்தின் தொழிற்சாலை விலை மீது, ஜி.எஸ்.டி., பேக்கிங், லாரி வாடகை நீங்கலாக" என்று ஒரு வரி சேர்ப்பது லாபம். விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்ச ராயல்டி இருந்தால், அது முதல் இரண்டு ஆண்டுக்கு இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். பொருள் சந்தைக்குப் பழகவே அவ்வளவு காலம் ஆகும்.

வெளிநாட்டு நிறுவனம் என்றால் "வரி போக" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். அவருக்கு 100 ரூபாய் வரி போகக் கைக்குப் போக வேண்டும் என்று இருந்தால், பிடித்தம் 10 சதவீதமாக இருந்தாலே நம் செலவு 111 ரூபாய், 20 சதவீதம் என்றால் 125. பேரம் பேசி 5 ரூபாய் குறைத்துவிட்டு 25 ரூபாயை இங்கே விடுவது நடக்கிறது. ஆடிட்டரிடம் கையெழுத்துக்கு முன் காட்ட வேண்டியது இந்தப் பக்கத்தைத்தான்.

கொங்குப் பகுதிக்கென்றே ஒரு ஷரத்து உண்டு. இங்கே யாரும் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் செய்வதில்லை. வார்ப்படம் ஒரு ஃபவுண்டரியில், கடைசல் ஜாப் ஆர்டரில், வைண்டிங் வேறொருவர் வீட்டில், பெயிண்ட் இன்னொரு இடத்தில். உரிமம் "தயாரிக்க" என்று மட்டும் இருந்தால், ஜாப் ஆர்டருக்கு வெளியே கொடுப்பதே மீறல் ஆகிவிடலாம். "தயாரிக்கவும், ஜாப் ஆர்டர்தாரர் மூலம் தயாரித்துக்கொள்ளவும்" என்று இருக்க வேண்டும். அதோடு, ஜாப் ஆர்டர்காரர் ஒவ்வொருவருக்கும் அவருக்குத் தேவையான பாகத்தின் படம் மட்டும் போக வேண்டும். ஃபவுண்டரியில் கிடக்கும் பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி) யாருடையது என்று டெலிவரி சலானிலேயே எழுதிவிடுவது நல்லது. பேட்டர்ன் மேல் நம் அடையாள எண் வார்ப்பிலேயே வருமாறு பொறித்துவிட்டால், அதே பேட்டர்னில் வேறு யாருக்காவது வார்த்தால் வெளியே தெரிந்துவிடும்.

மூலப்பொருளை எங்களிடம்தான் வாங்க வேண்டும், நீங்கள் செய்யும் மேம்பாடு முழுக்க எங்களுக்கே சேரும், எங்கள் காப்புரிமையை நீங்கள் எதிர்க்கக் கூடாது என்று எழுதி வந்தால் பயந்துவிட வேண்டாம். 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 140-ம் பிரிவு இப்படிப்பட்ட கட்டுகளைச் செல்லாதவை என்கிறது. அதைக் காட்டி எடுத்துவிடச் சொல்லலாம். வழக்குக்குப் போவது வேறு கதை, பேச்சிலேயே முடித்துவிட வேண்டும்.

பணம் மூன்று தவணை. படங்களும் செய்முறையும் கைக்கு வந்தபோது ஒரு பங்கு, நம் ஷெட்டில் சோதனை ஈடு வெற்றி பெற்றதும் ஒரு பங்கு, வெளி ஆய்வகம் ஒன்று சான்று தந்ததும் மீதி. பம்ப், மோட்டார் என்றால் கோவையின் சிட்டார்க் சோதனை மையம்; நூல், துணி என்றால் 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா. சோதனைக்கு வடக்கே ஓட வேண்டிய நிலை இங்கே இல்லை. இத்துடன், அவர்கள் ஆள் நம் பட்டறையில் எத்தனை நாள் இருப்பார் என்பது எண்ணிக்கையில் வேண்டும். "தேவையான உதவி செய்யப்படும்" என்ற வரிக்கு மதிப்பு கிடையாது. "15 ஆள்-நாள், முதல் ஆறு மாதத்துக்குள்" என்ற வரிக்கு உண்டு. அந்தப் பதினைந்து நாளையும் முதல் வாரத்திலேயே செலவழித்துவிடக் கூடாது. ஐந்து நாள் தொடக்கத்தில், மீதி நாள் முதல் ஐம்பது உருப்படி செய்து சந்தேகங்கள் எழுந்த பிறகு. ஒன்றும் செய்யாமல் கேட்கும் கேள்வி வேறு, ஐந்து கெட்டுப்போன பிறகு கேட்கும் கேள்வி வேறு.

உரிமக் கட்டணத்தை மட்டும் வைத்துக் கடன் வாங்கிவிடுகிறார்கள். டை (அச்சு), கேஜ் (அளவுகோல்), சோதனை ஈட்டில் வீணாகும் சரக்கு, சான்றுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் உரிமக் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வரும் என்று வைத்துக்கொள்வதே பத்திரம்.

செம்பு ரோட்டர்

பம்பும் மோட்டாரும் ஒரே உடலாக வரும் மோனோபிளாக் பம்பில், மோட்டாரின் ரோட்டரில் அலுமினியத்தை உருக்கி அழுத்தி வார்ப்பார்கள். மின்கடத்தும் திறனில் செம்பு 100 என்றால் சுத்த அலுமினியம் 60-க்குச் சற்று மேல். அலுமினியத்துக்குப் பதில் செம்பை வார்த்தால் ரோட்டரின் இழப்பு குறையும், மோட்டார் குளிர்ச்சியாக ஓடும், மின்சிக்கனத்துக்கான நட்சத்திர மதிப்பீடு ஏறும். கேட்க எளிது. பம்பு ஊருக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை, எனவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும், செம்பு 1,085-ல். அலுமினியத்துக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ஹெச்-13 எஃகு டை, செம்பு பாய்ந்த கொஞ்ச நாளிலேயே முகத்தில் நரம்பு நரம்பாக வெடிப்பு விடும். ஒவ்வொரு முறையும் மேற்பரப்பு மட்டும் திடீரென்று சூடாகி விரிகிறது, உள்ளே குளிர்ந்து கிடக்கிறது. அந்த இழுபறியில் வெடிக்கிறது. தீர்வு தலைகீழாகத் தோன்றும்: டையைக் குளிர வைக்கக் கூடாது, நிக்கல் கலவை உலோகத்தில் செய்து 600 டிகிரி அளவுக்கு முன்கூட்டியே சூடேற்றி வைக்க வேண்டும். உருகிய செம்புக்கும் டைக்கும் உள்ள வெப்ப இடைவெளி குறைந்தால் டையின் மேல் விழும் அடி குறையும். இந்த ஒரு வரி தெரியாமல் "டை நல்லா இல்லைங்க" என்று டை செய்தவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம்.

டை நின்றுவிட்டது, ரோட்டர் வந்துவிட்டது. அடுத்த தவறு, பழைய ஸ்டாம்பிங்கிலேயே, பழைய ஸ்லாட் (தகட்டில் உலோகம் இறங்கும் பள்ளம்) வடிவத்திலேயே செம்பை ஊற்றுவது. ரோட்டரின் மின்தடை குறைந்தால் ஓடும்போது நல்லது, கிளம்பும்போது கெடுதல்: ஆரம்ப முறுக்குவிசை குறையும், ஆரம்ப கரண்ட் கூடும். டெஸ்ட் பெட்டில் (சோதனை மேடையில்) 415 வோல்ட்டில் தெரியாது. டிரான்ஸ்பார்மருக்கு வெகு தூரத்தில் இருக்கும் தோட்டத்தில் 340 வோல்ட் வரும்போது, முறுக்குவிசை வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறைந்து 67 சதவீதமாகிவிடும். "மோட்டார் எடுக்க மாட்டேங்குதுங்க, உறுமிட்டு நிக்குது" என்று போன் வரும். ஸ்லாட்டை ஆழமாக, மேலே ஒடுங்கலாக மாற்றி வடிவமைத்தால்தான், கிளம்பும் நேரத்தில் கரண்ட் மேல்பகுதியில் ஒதுங்கிப் போய்த் தடை கூடும். எனவே செம்பு ரோட்டர் உரிமம் வாங்கும்போது, ஸ்டாம்பிங் டையின் படமும் சேர்ந்தே வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் பாதிதான் வாங்கியிருக்கிறோம்.

இதையும் தாண்டியவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. மோட்டார் திறன் கூடியது, ஆனால் பம்பு செட் இழுக்கும் கரண்டு குறையவில்லை, சிலவற்றில் கூடிவிட்டது! காரணம் வேகம். இரண்டு துருவ மோட்டாரின் ஒத்தியங்கு வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்று. அலுமினிய ரோட்டரில் 6 சதவீதம் பின்தங்கி 2,820-ல் ஓடியது, செம்பு ரோட்டரில் 4 சதவீதம் மட்டும் பின்தங்கி 2,880-ல் ஓடுகிறது. பம்பு வாங்கும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 2,880-ஐ 2,820-ஆல் வகுத்து மும்மடியாக்கினால் 1.065. அதாவது 6.5 சதவீதம் கூடுதல் சுமை. தண்ணீரும் கூடத்தான் வரும், ஆனால் பெயர்ப் பலகையில் எழுதிய அளவு அதுவல்ல, சோதனையில் கரண்ட் வரம்பைத் தாண்டினால் சான்று கிடைக்காது. இம்பெல்லரை (பம்புக்குள் தண்ணீரை வீசும் சக்கரத்தை) கடைய வேண்டும். 130 மி.மீ. விட்டம் என்றால் கணக்குப்படி 2.7 மி.மீ. குறைக்க வேண்டும். ஒரேயடியாக 2.7 எடுத்துவிடாதீர்கள், கடைந்த இம்பெல்லர் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே நீரேற்று உயரத்தை இழக்கும். 2 மி.மீ. எடுத்து டெஸ்ட் பெட்டில் ஏற்றிப் பார்த்து, பிறகு மீதி. மோட்டார் உரிமம் தந்தவருக்குப் பம்பு தெரியாது; பம்பு செய்பவர் மோட்டார் மாறியதால் தன் வேலையும் மாறும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். ஒரு பாகத்தின் தொழில்நுட்பம் மாறினால் அடுத்த பாகத்தை யார் சரிசெய்வது என்பதையும் பேச்சிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் எல்லாருக்கும் செம்பு வார்ப்பு தேவையா என்றால், இல்லை. நீர்மூழ்கி மோட்டார் செய்பவர்கள் செம்புக் கம்பியைச் செருகி, இரு முனையிலும் செம்பு வளையம் பற்றவைத்து ரோட்டர் செய்வது இங்கே பழைய பழக்கம். மாதம் சில நூறு மோட்டார் மட்டும் செய்பவருக்கு அந்தக் கை வேலையே போதும், வார்ப்பு எந்திரத்தின் வட்டி தேவையில்லை. இன்னும் கீழே இறங்கினால், சுத்த அலுமினியம் என்று சொல்லிவிட்டுக் கழிவு அலுமினியம் கலந்து வார்க்கும் பட்டறைகள் உண்டு. சிலிக்கான் கலந்த பழைய பாகங்கள் உருகி உள்ளே போனால் மின்கடத்தும் திறன் 60-லிருந்து 40-க்கும் கீழே இறங்கிவிடும். 99.7 சதவீதச் சுத்த இங்காட்டுக்கு மாறினாலே கிடைக்கும் லாபத்தை முதலில் எடுத்துக்கொள்ளட்டும், செம்பு பிறகு.

வார்த்த ரோட்டரை உடைக்காமல் சோதிக்க இரண்டு வழி. ஒன்று தராசு: ஒரே அளவு ரோட்டர்களை எடை போட்டு, எடை குறைந்ததைத் தனியே வைப்பது, உள்ளே காற்றுக் குமிழ் இருக்கும். இன்னொன்று, மோட்டாரின் சுழலாத பாகமான ஸ்டேட்டருக்குள் வைத்து ஒரு ஃபேஸுக்கு மட்டும் குறைந்த வோல்ட் கொடுத்து, ரோட்டரைக் கையால் மெல்லச் சுழற்றி ஆம்மீட்டரைப் பார்ப்பது. முள் ஒரே இடத்தில் நின்றால் நல்லது. ஒரு சுற்றில் முள் ஏறி இறங்கினால் ஏதோ ஒரு பார் (ஸ்லாட்டுக்குள் வார்த்த கம்பி) அறுந்திருக்கிறது. ஐந்து நிமிட வேலை, படித்தவர் தேவையில்லை.

திருப்பூர் உப்பு

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் நொய்யல் ஆற்றுக்குப் போகக் கூடாது என்ற விதியைத் தட்ட முடியாத நிலை வந்தது. சவ்வு வடிகட்டி, ஆவியாக்கி எல்லாம் கடையில் கிடைக்கும் எந்திரங்கள்தான். பணம் கொடுத்தால் வரும். வராதது, சாயமிடும் செய்முறையில் செய்ய வேண்டிய மாற்றம்.

ஒரு கிலோ பருத்தித் துணிக்கு 8 லிட்டர் சாயக் குளியல், சாயம் ஏற லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் கிலோவுக்கு 480 கிராம் உப்பு. துணியின் எடையில் பாதி உப்பு சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தினால்தான் செலவு கட்டும். சாதா உப்பில் குளோரைடு இருக்கிறது, ஆவியாக்கியின் எஃகை அரிக்கும். சோடியம் சல்பேட்டுக்கு மாறினால், உப்புநீரைக் குளிர வைத்தாலே கிளாபர் உப்பாகப் படிகம் கட்டிவிடும். குளிரில் அதன் கரைதிறன் சட்டென்று இறங்குவதுதான் காரணம். ஆனால் மீட்ட உப்புநீரில் கடினத்தன்மை கொஞ்சம் மிஞ்சினால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். எனவே மீட்ட உப்பின் ஒவ்வொரு லோடுக்கும் கடினத்தன்மை பார்க்காமல் குளியலில் விடக் கூடாது. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்பவரும் டையிங் மாஸ்டரும் ஒருவரோடு ஒருவர் பேசாத வரை இது தீரவில்லை.

கிளாபர் உப்பு 32.4 டிகிரியில் தன் படிக நீரிலேயே கரைந்துவிடும் என்பதை எந்த எந்திரக் கையேடும் திருப்பூர் சித்திரை வெயிலை நினைத்து எழுதியிருக்காது. தகரக் கூரை போட்ட குடோனில் அடுக்கிய மூட்டை மதியம் கசிந்து, இரவில் கல்லாகும். நிழலில், காற்றோட்டமாக, தரையிலிருந்து பலகை போட்டு வைப்பதும், அதிக நாள் தேக்காமல் உடனுக்குடன் குளியலுக்கு அனுப்புவதும்தான் வழி.

பட்டறைச் சுவரில் ஒட்டும் ஒரே தாள்

ஆய்வகம் தரும் செய்முறை எண்பது பக்கம் இருக்கும். லேத்தில் நிற்பவர் படிக்க மாட்டார், படிக்க நேரமும் கிடையாது. அதிலிருந்து ஒரே ஒரு தாள் எடுக்க வேண்டும். நான்கு பத்தி: என்ன அளவு, எதை வைத்துப் பார்ப்பது, தவறினால் என்ன ஆகும், ஏன். தமிழில் ஒன்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்பவர்களுக்கு இந்தியில் ஒன்று. "ஏன்" என்ற பத்தியை எடுத்துவிடலாம் என்று தோன்றும்; எடுக்கக் கூடாது. கொப்பரைக் காலுக்கு எதிரே "தண்ணீர் 8 வரை நிற்கும், மஞ்சள் தண்ணீரைத் தொடக் கூடாது" என்று எழுதியிருந்தால், ஐந்தாவது துண்டுக்கு ஆசைப்படும் முன் கை கொஞ்சம் நிற்கும்.

அளவு எழுதுவதைவிட அளவைக் கருவியாகக் கொடுப்பது மேல். 10 செ.மீ. நீளத்தில் ஒரு இரும்புத் துண்டு வெட்டிப் பட்டறையில் தொங்கவிட்டால், கால் வெல்டிங் வைக்கும்போது அதை நிறுத்தி வைத்தே பற்றவைக்கலாம். டேப் தேவையில்லை. ரோட்டர் வெளிவிட்டத்துக்கு "போகும்–போகாது" கேஜ் ஒன்று போதும், மைக்ரோமீட்டர் படிக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டாம். மழுங்கிய டூலால் ரோட்டரைக் கடைந்தால் தகடுகளின் விளிம்பு ஒன்றோடொன்று இழைந்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே வீண் கரண்ட் ஓடிச் சூடாகும். இத்தனை ரோட்டருக்கு ஒரு முறை டூலை மாற்ற வேண்டும் என்று எண்ணிக்கையாகவே தாளில் எழுதிவிட வேண்டும். "மழுங்கினால் மாற்றவும்" என்று எழுதினால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

முதல் நூறு உருப்படிக்கு ஒரு நோட்டு. எண், தேதி, யார் செய்தது, என்ன மாற்றினோம், சோதனையில் என்ன வந்தது. கையில் இருக்கும் ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் மிஞ்சுவது அந்த நோட்டு மட்டும்தான். உரிமக் காலம் முடிந்து புதுப்பிக்கும்போது, மேம்பாடு யாருடையது என்ற கேள்வி எழுந்தாலும் சாட்சி அதுவே.

பருவம் பார்த்து உரிமம் எடுப்பது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். மஞ்சள் அறுவடை தையில் தொடங்கிப் பங்குனி வரை. கொப்பரை விற்க வேண்டும் என்றால் மார்கழியில் குறைந்தது பத்து ஊரில் அது நிற்க வேண்டும். அதற்குச் சோதனை ஈடு முந்தைய பங்குனிக்குள் முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பச்சை மஞ்சள் அதற்குப் பிறகு கிடைக்காது. கார்த்திகையில் கையெழுத்துப் போட்டவருக்கு வரும் தை சோதனைக்கு மட்டுமே ஆகும். விற்பனை அதற்கடுத்த தையில்தான். முழுசாக ஒரு வருட வட்டி. மாசியில் கையெழுத்து, பங்குனிக்குள் ஒரே ஒரு கொப்பரை செய்து ஒரு தோட்டத்தில் நாலைந்து ஈடு வேக வைத்துப் பார்ப்பது, ஆடிக்குள் கேஜும் தாளும் தயார், புரட்டாசியில் தகடு வாங்குவது. பம்புக்கு இந்த நாள் வேறு: ஆடிப்பட்டத்துக்கு முன்பும் தை முடிந்து கிணறு இறங்கும்போதும் விற்பனை ஏறும். எது எப்படியானாலும், கொப்பரையில் முதல் ஈடு ஏற்றும் அன்று பல்கலைக்கழக ஆள் கூட நிற்க வேண்டும். அவர் மூடியில் உள்ள ஆய்வுக் கதவைத் திறந்து, கிழங்கில் ஊசியைக் குத்தி "இதுதான் பதம்" என்று சொல்லும் அந்த நொடியில் ஊசி எவ்வளவு இறங்கியது என்பதை வெல்டிங்காரரும் விவசாயியும் இருவருமே தங்கள் கையால் ஒரு முறை குத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.